தரை காயும் வரை

சமையலறைச் சுவருக்குள் குழாய் வெடித்தபோது கண்ணாடிக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் நிறைய நுரை. சமையலறை நிறையத் தண்ணீர். எதை முதலில் வெளியே அனுப்புவது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், அவர் மனைவி ஓடிப்போய்த் தண்ணீர்த் திருகியை மூடி, மிதந்து போன வெங்காயங்களையும் பிடித்துக் கூடையில் போட்டுவிட்டாள்.

கண்ணாடிக்காரர் என்றதும் அவர் கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குக் கண் பழுதில்லை. ஊரார் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. நகரத்தின் மறுகோடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே ஓர் இருட்டறை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "இதுல தெரியுதா, அதுல தெரியுதா?" என்று பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தபிறகு அவருக்குக் கேள்வியும் பிடிக்காது, பதிலும் பிடிக்காது. சாப்பாடும் நாற்காலியும் மட்டும்தான் பிடிக்கும். மகள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனதிலிருந்து அந்த வீட்டில் டி.வி. ஒன்றுதான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

வீடு இருந்தது ஒரு குட்டிப் பேட்டையில். ஒரு காலத்தில் தனியாக இருந்த இடம். நகரம் வாயைத் திறந்து விழுங்கிவிட்டது, ஆனால் செரிக்கவில்லை. ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் மேம்பாலம், நடுவில் கைக்குட்டை அளவு நிலத்தில் சந்தும் பொந்துமாக ஒரு கூட்டம். அங்கே ஆண்டுக்கணக்காகக் குடியிருந்த கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது ஒரே ஒரு தெரு. அது வீட்டில் தொடங்கிப் பஸ் நிறுத்தத்தில் முடியும்.

கொத்தனார் வந்தார். சுவரைத் தட்டினார். காது வைத்துக் கேட்டார். டாக்டர் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"தரையையும் தோண்டணும் சார்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"தோண்டறதும் பூசறதும் என் கையில. சீக்கிரம் முடிச்சுடுவேன். காயறது தரையோட இஷ்டம்."

"தரை காயற வரைக்கும் எங்க வயிறு காயணுமா?"

"அது உங்க இஷ்டம் சார்" என்றார் கொத்தனார்.

அடுப்பு கூடத்து மூலைக்கு வந்தது. பாத்திரங்கள் கட்டிலுக்கடியில் போயின. சமையலறை வாசலில் குறுக்கே இரண்டு பலகைகள். கண்ணாடிக்காரர் கூடத்தின் நடுவில் நின்றார். தொண்டையைச் செருமினார். வீட்டுக்குத் தலைவன் என்று ஒருவன் இருக்கிறான் என்பதை நிரூபிக்க இப்படியொரு சந்தர்ப்பம் அடிக்கடி வராது.

"இனிமே இந்த வீட்டுச் சாப்பாடு என் பொறுப்பு" என்றார்.

"நீங்க சமைக்கப் போறீங்களா?" மனைவியின் முகத்தில் நிஜமான பயம்.

"சமைக்கறது யாரு வேணா செய்யலாம். நான் தேடப் போறேன். நம்ம கைக்கு அடக்கமா, வாய்க்கு ருசியா, இந்தப் பேட்டையில எங்கயாவது ஒரு இடம் ஒளிஞ்சுட்டு இருக்கும். அதைக் கண்டுபிடிச்சு உன்னைக் கூட்டிட்டுப் போறேன். நீ பாவம், வீட்டுக்குள்ளயே இருக்கறவ. உனக்கு வெளியில என்ன நடக்குதுன்னு என்ன தெரியும்?"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, எடுத்த வாயைப் பத்திரமாக மூடி வைத்தாள். கண்ணாடிக்காரர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். எடுத்த வாயை மூடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"சரிங்க" என்றாள். "நீங்க சொன்னாச் சரிதான்."

இந்த இரண்டாவது வாக்கியத்திலாவது உஷாராகியிருக்கலாம்.

முதல் நாள் மேம்பாலத்துப் பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு. கண்ணாடி என்றதும் நம் ஆளுக்கு ஒரு தொழில் பாசம். உள்ளே போனார்கள். மெழுகுவத்தி வெளிச்சம். கண் சோதிக்கும் அறையைவிட இருட்டு.

"என்ன தண்ணி வேணும் சார்?" என்று கேட்டான் பரிமாறுகிறவன்.

"குடிக்கற தண்ணி."

அவன் சிரிக்கவில்லை. தண்ணீருக்கே ஓர் அட்டை கொடுத்தான். சாப்பாட்டுக்கு இன்னோர் அட்டை. அதில் விலையை எறும்பு படிக்கிற எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். ஊரார் பார்வையைத் திருத்துகிறவர் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார், கடைசியில் விரலை வைத்துக் குருட்டாம்போக்கில் ஏதோ ஒன்றைக் காட்டினார். வந்தது. தட்டு வண்டிச்சக்கரம் அளவு. நடுவில் அச்சாணி அளவு மீன். மீனின் மேல் ஒரு இலை. இலையின் மேல் ஒரு சொட்டு ஏதோ பச்சை.

பில் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. நன்றாகத் தெரிந்தது.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தார்கள். மனைவிதான் முதலில் பேசினாள்.

"நல்லா இருந்துச்சுங்க."

"ம்."

"சீக்கிரம் நடங்க. வீட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிடலாம்."

மறுநாள் அவர் எதிர்த்திசையில் பாய்ந்தார். பஸ் பணிமனைக்கு எதிரில் ஒரு கொட்டகை. 'எவ்வளவு சாப்பிட்டாலும் ஒரே விலை' என்று பலகை. எவ்வளவு சாப்பிட்டாலும் ஒரே ருசி என்றும் எழுதியிருக்கலாம். சூப்புக்குக் காயைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டார்கள் போலிருந்தது. மேஜை துடைத்த துணியாலேயே கரண்டியைத் துடைத்தார் கடைக்காரர். மனைவி ஒரு துண்டு ரொட்டியை மட்டும் மென்றுவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"சாப்பிடு. காசு குடுத்தாச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

"எனக்குப் பசிக்கலைங்க. என் பங்கையும் நீங்களே சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். அதன் பலனை அடுத்த நாள் கடையில் அனுபவித்தார். இருட்டறையில் ஒரு பெரியவரை உட்காரவைத்து, "இதுல தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கழிவறைக்கு ஓடினார். திரும்பி வந்தார். "அதுல தெரியுதா?" என்றார். மறுபடி ஓடினார். பெரியவர் இருட்டில் தடவிப் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் தெரியுது தம்பி. உங்களைத்தான் காணோம்" என்றார்.

மலிவைத் தேடிப் போனவர் மெலிவோடு திரும்பினார். அன்று மாலை வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். மனைவி தைத்த துணிகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். சலவைக்கடைக்கு வருகிற துணிகளில் கிழிந்ததைத் தைத்து, பித்தான் வைத்துக் கொடுப்பது அவள் வேலை. அந்தக் கூலி அவள் கைச்செலவுக்கு. அதைப் பற்றி அவர் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

"என்னங்க, இதைச் சலவைக்கடையில குடுக்கணும். கூட வரீங்களா? காலாற நடந்த மாதிரி இருக்கும்."

அவருக்கு மறுக்கத் தெம்பில்லை. போனார்.

சலவைக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அதற்குள் ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. அதன் பக்கத்தில் மாடிக்கு ஒரு குறுகலான படிக்கட்டு. அந்தப் படிக்கட்டுக்கு நேராக வந்ததும் மனைவியின் செருப்பு வார் கழன்றுகொண்டது. குனிந்து சரி செய்தாள். வெகு நேரம் சரி செய்தாள். மேலேயிருந்து வதங்குகிற வெங்காயத்தின் வாசனை படிப்படியாக இறங்கி வந்து கண்ணாடிக்காரரின் மூக்கில் உட்கார்ந்தது.

"நில்லு!" என்றார்.

"நின்னுட்டுத்தாங்க இருக்கேன்."

"வாசனை வரலை உனக்கு?"

"எனக்கு ஜலதோஷம்."

"மேல ஏதோ இருக்கு. பலகை இல்ல பாரு, விளம்பரம் இல்ல பாரு. பலகை எழுதற நேரத்துல சமைக்கறாங்கன்னு அர்த்தம்."

"எப்படிங்க இதெல்லாம் உங்களுக்குத் தோணுது?"

"ஒரு பார்வைதான்" என்றார் கண்ணாடிக்காரர், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு.

மேலே சின்ன அறை. நாலு மேஜை. ஜன்னலில் ஒரு பூனை. இடுப்பில் துண்டைச் செருகிய, தோள் அகலமான ஓர் அம்மாள் கரண்டியோடு நின்றாள். மாடியம்மா என்றுதான் எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்தது. அவள் இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "வா..." என்று தொடங்கினாள். கண்ணாடிக்காரரின் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்ததோ, அந்த 'வா' நடுவழியில் ஒரு முறை தடுமாறி, "...ங்க, வாங்க. ஊருக்குப் புதுசா?" என்று முடிந்தது.

"இந்தப் பேட்டையேதான். ஆனா உங்க கடையை இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா? ரொம்ப சந்தோஷம்" என்றாள் மாடியம்மா. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் ஏனோ குலுங்கியது.

ஆவி பறக்கும் சோறு வந்தது. வேகவைத்துத் தாளித்த பயறு, வதக்கிய கீரை, ஓரம் மொறுமொறுவென்று பொரித்த முட்டை. மனைவியின் தட்டில் மட்டும் ஒரு எலுமிச்சைத் துண்டு கூடுதலாக இருந்தது. அவள் உட்காரப்போன நாற்காலியை மாடியம்மா இழுத்துவிட்டு, "அது ஆடும், இதுல உக்காருங்க" என்று வேறொன்றைப் போட்டாள். பூனை ஜன்னலிலிருந்து குதித்து நேராக மனைவியின் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது.

"பார்த்தியா?" என்றார் கண்ணாடிக்காரர். "நம்ம முகராசி. போற இடத்துல எப்படி மரியாதை!"

பில் வந்தது. தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள் என்று பயந்து, அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். கீழே வந்தபிறகும் கையை விட மறந்துவிட்டார். அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு எல்லாமே வெற்றிதான். ரொட்டிக்கடையின் பின்வாசலில், விற்காமல் மிஞ்சிய ரொட்டியைச் சூடாக்கிச் சூப்போடு கொடுக்கிற இடத்தைக் கண்டுபிடித்தார். (மனைவிக்கு அங்கேதான் காலில் முள் குத்தியது.) சந்தையின் கோடியில் தொப்பி போட்ட ஒருவர் கடை மூடும் நேரத்தில் மீன் வறுத்து விற்பதைக் கண்டுபிடித்தார். (மனைவிக்கு அங்கே தலை சுற்றி, கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது.) தொப்பிக்காரர் அவளைப் பார்த்து, "காரம் கம்மியாத்தானே?" என்றார்.

"எப்படிய்யா கண்டுபிடிச்சீர்?" என்று வியந்தார் கண்ணாடிக்காரர்.

தொப்பிக்காரர் ஒரு கணம் விழித்தார். "முகத்தைப் பார்த்தாத் தெரிஞ்சுடும் சார்."

"தொழில்னா இதுதான் தொழில்" என்று மனைவியிடம் சொன்னார். "ஒரு பார்வையில ஆளை எடை போட்டுட்டான் பாரு."

"ஆமாங்க. சில பேருக்கு அந்த வரம் இருக்கு" என்றாள் அவள்.

தினமும் வீட்டுக்குள் நுழையும்போது, "தரை காய்ஞ்சுதா?" என்று கேட்பார். "இன்னும் ஈரமாம். பலகையைத் தாண்டிக் கால் வெச்சுடாதீங்க, தடம் விழுந்துடும்" என்பாள். சரி என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிக் கிளம்பிவிடுவார். அவருக்கும் அது பிடித்துப்போயிருந்தது. சந்துகளில் நடக்கும்போது எதையாவது பேசாமல் இருக்க முடியவில்லை. கடைக்கு வந்த கிழவர் கதை, பஸ்ஸில் நடந்த சண்டை, மகளுக்குச் சின்ன வயதில் முதன்முதலாகக் கண்ணாடி போட்ட நாள். மனைவி ஒருநாள் தெருவில் நின்று, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அவள் இப்படித்தான் சிரிப்பாள் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. நடுவில் எங்கே போயிருந்தது அந்தச் சிரிப்பு என்றும் தோன்றியது. அதற்குள் வறுத்த மீன் வாசனை வந்துவிட்டதால் அந்த யோசனை அப்படியே நின்றுபோயிற்று.

இத்தனை வெற்றியை ஒரு மனிதர் எத்தனை நாள் மனசுக்குள் வைத்திருப்பார்? கடையில் அவிழ்த்துவிட்டார். நல்ல சாப்பாட்டுக்கடையை அடையாளம் காண்பது எப்படி என்று பிரசங்கம் செய்தார். பலகை இருக்கக் கூடாது. பூனை இருக்க வேண்டும். படிக்கட்டு தேய்ந்திருக்க வேண்டும். இருட்டறைக்கு வந்தவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இதையெல்லாம் கேட்டார்கள்.

முதலாளியும் கேட்டார். முதலாளி கண்ணாடி துடைக்கிற துணியைக்கூட ஒன்றை நாலாக வெட்டி நாலு பேருக்கு இலவசமாகக் கொடுப்பவர். புதிதாக ஒரு கிளை திறக்கப்போகிறார், அதற்குப் பொறுப்பாக ஓர் ஆள் தேடுகிறார் என்று கடைக்குள் பேச்சு. கண்ணாடிக்காரருக்கும் அந்த நாற்காலியின் மேல் ஒரு கண் உண்டு.

"சாப்பாடு நல்லா இருக்குமா?" என்றார் முதலாளி.

"அமிர்தம் சார்."

"விலை?"

சொன்னார்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். "இன்னைக்கு மதியம் போறோம்."

முதலாளியின் பழைய வண்டியில் நகரத்தைக் குறுக்கே கடந்து பேட்டைக்கு வந்தார்கள். சந்து முனையில் இறங்கியதிலிருந்தே கண்ணாடிக்காரர் முன்னால் நடந்தார். படியேறும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இவங்க புது ஆளுங்களுக்கு லேசுல முகம் குடுக்க மாட்டாங்க சார். என்னைத் தெரியும். அதனால கவலையில்ல. இந்த இடத்தை வெளியில யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரிக்கே நான்தான் காட்டினேன். ஜலதோஷத்துல அவளுக்கு வாசனைகூட..."

திரைச்சீலையை விலக்கினார்.

ஜன்னலோர மேஜை. ஒரு நாற்காலியில் அவர் மனைவி. எதிர் நாற்காலியில் அவள் கால்கள். கீழே செருப்பு. மடியில் பூனை. தட்டில் சோறு. பக்கத்தில் மாடியம்மா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்புறம்? அப்புறம்? 'ஒரு பார்வைதான்'னாரா? காலரையும் இழுத்துவிட்டுக்கிட்டாரா?"

கண்ணாடிக்காரரின் கை திரைச்சீலையிலேயே ஒட்டிக்கொண்டது.

மனைவி நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற முதலாளியைப் பார்த்தாள். கால் மெல்லக் கீழே இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டது. அவள் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்து எழுகிற நேரத்துக்குத் திகைப்பு இருந்திருக்கும். அவ்வளவுதான்.

"வந்துட்டீங்களா!" என்று எழுந்தாள். "முதலாளி வரும்போது இடம் இல்லாமப் போயிடுமோன்னுதான் முன்னாடியே வந்து பிடிச்சு வெச்சேன். வாங்க சார், ஜன்னல் பக்கம் காத்து வரும், இங்க உக்காருங்க."

முதலாளி அசந்துவிட்டார். "இவ்வளவு ஏற்பாடா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே இவரு!"

"சொல்ல மாட்டாருங்க. செஞ்சு காட்டுவாரு" என்றாள் மனைவி.

மாடியம்மாவும் சும்மா இருக்கவில்லை. தட்டை வைத்துக்கொண்டே, "சார் இல்லேன்னா இந்தக் கடையே இல்ல. அவரு வந்து கண்டுபிடிக்கற வரைக்கும், நான் இங்க இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

முதலாளி மூன்று முறை சோறு வாங்கினார். ஒவ்வொரு முறையும் விலை ஏறுமா என்று கேட்டு, ஏறாது என்று தெரிந்தபின் வாங்கினார். கை கழுவி வந்து, பல்லைக் குத்திக்கொண்டு, மனைவியை நிதானமாகப் பார்த்தார்.

"அம்மா, புதுக் கிளைக்குப் பொறுப்பா ஒரு ஆள் வேணும். நீங்க வரீங்களா?"

கண்ணாடிக்காரருக்குப் புரையேறியது. மனைவி அவர் தலையில் தட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"எனக்குக் கண்ணைப் பத்தி என்னங்க தெரியும்? இவரு இருக்கும்போது வேற ஆள் எதுக்கு? நல்லது எது, மலிவு எதுன்னு சந்து சந்தாத் தேடற ஆளு. வயித்து வலி வந்தாக்கூட விட மாட்டாரு."

முதலாளி யோசித்தார். மலிவு என்ற சொல் அவருக்குள் இறங்கி வேலை செய்வது வெளியே தெரிந்தது. "சரி, அடுத்த மாசம் நீங்களே போய் உக்காருங்க" என்றார் கண்ணாடிக்காரரிடம்.

பதவி கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான் வரவில்லை. சாயந்திரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கண்ணாடிக்காரர் ஒரு குறுக்கு விசாரணையைத் தயாரித்துக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்ததும் நின்றபடியே தொடங்கினார்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "எது?"

"இந்த மாடி, பூனை, எலுமிச்சங்கா எல்லாம்!"

"பொண்ணு ஊருக்குப் போனதிலேருந்து."

"ரொட்டிக்கடை?"

"அதுவும்தான்."

"தொப்பிக்காரர்?"

"அவரு சம்சாரம் ரவிக்கையெல்லாம் நான்தான் பிடிச்சுக் குடுக்கறேன்."

கண்ணாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் தினமும் வந்து, 'சாப்பிட்டியா'ன்னு கேப்பேன். நீ என்ன சொல்லுவே?"

"சாப்பிட்டேன்னு சொல்லுவேன். சாப்பிட்டேனே. பொய்யா?"

"எங்கன்னு சொல்லலையே!"

"எங்கன்னு நீங்க கேக்கலையே. கேட்டுட்டு டி.வி. பக்கம் திரும்பிடுவீங்க. நான் 'இல்ல'ன்னு சொல்லியிருந்தாலும் அதே மாதிரிதான் திரும்பியிருப்பீங்க. ஒரு நாள் சொல்லியும் பார்த்தேன்."

"அப்ப நான் என்ன சொன்னேன்?"

"'நல்லது'ன்னீங்க."

விசாரணை அந்த இடத்தில் படுத்துவிட்டது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மனைவி துணியை மடியில் வைத்துவிட்டுப் பேசினாள். குரலில் சண்டை இல்லை.

"காலையில உங்களுக்கு டப்பா கட்டிக் குடுத்துடறேன். மத்தியானம் அதே சாப்பாட்டை வெச்சுக்கிட்டு, சுவரைப் பார்த்து உக்காந்தா இறங்கலைங்க. மூணு பேர் உக்காந்த மேஜை. கொஞ்ச நாள் தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் சலவைக்கடைக்குப் போனப்ப, மாடியம்மா மேலேருந்து எட்டிப் பார்த்து, 'என்ன அக்கா, முகம் வாடிக் கிடக்கு, மேல வாங்க'ன்னு கூப்பிட்டா. போனேன். என் கூலி, என் சாப்பாடு. யாருக்கும் பாரமில்ல."

"பின்ன அன்னைக்கு நான் தேடப் போறேன்னப்பவே சொல்லியிருக்கலாமே. அந்தச் சக்கரத் தட்டுக்குக் குடுத்த காசாவது மிஞ்சியிருக்கும்."

"சொல்ல வாயெடுத்தேன். ஆனா நீங்க கூடத்து நடுவுல நின்னு, 'உன்னைக் கூட்டிட்டுப் போறேன்'னீங்க பாருங்க. எத்தனை வருஷமாச்சு அதைக் கேட்டு? அதான் விட்டுட்டேன். நீங்களே கண்டுபிடிச்சதா இருக்கட்டும்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன். மாடியம்மாவுக்குத்தான் நடிக்க வரல."

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். மனைவி எழுந்து, தைத்த துணிகளை எடுத்துக்கொண்டாள். "இதைக் குடுத்துட்டு வந்துடறேன். வந்ததும் சாப்பிடப் போகலாம்" என்று வெளியே போனாள்.

அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே சுவர். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அவள் சொன்னது சரிதான் என்று பட்டது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் சோறு இறங்காது.

அப்போதுதான் அந்த மாபெரும் முடிவுக்கு வந்தார். இன்று அவள் திரும்பி வருவதற்குள் தன் கையால் அவளுக்கு ஏதாவது சமைத்து வைப்பது. அவருக்குத் தெரிந்தது முட்டை அவிப்பது ஒன்றுதான். அதுவும் கொஞ்சம் சந்தேகம்தான். அடுப்பு கூடத்து மூலையில் இருந்தது. உப்பு மட்டும் சமையலறை அலமாரியில் இருந்தது. பலகையைத் தூக்கி ஓரமாக வைத்தார். தரையில் தடம் விழாமலிருக்க, கட்டைவிரலை மட்டும் நீட்டி, குளத்தில் இறங்குகிறவர் மாதிரி மெல்ல ஊன்றினார்.

தரை பாறாங்கல். இன்னொரு காலையும் வைத்தார். குதித்தும் பார்த்தார். அலமாரி டப்பாக்கள் குலுங்கின. தரை அசையவில்லை. அதன் மேல் நடனப் பள்ளிக்கூடமே நடத்தலாம்.

கொத்தனாருக்குப் போன் போட்டார்.

"என்னய்யா, தரை எப்ப காய்ஞ்சது?"

அந்தப் பக்கம் கரண்டியால் சாந்து வழிக்கிற சத்தம். "அது... காய்ஞ்சு ரொம்ப நாளாச்சு சார்."

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"பலகையை எடுக்கத்தான் வந்தேன் சார். அம்மாதான், 'இருக்கட்டும் அண்ணே, எடுத்துடாதீங்க. இவரு இப்பத்தான் என்கூடப் பேசிக்கிட்டே நடக்க ஆரம்பிச்சிருக்காரு'ன்னாங்க. நான் என்ன சார் பண்றது? எனக்கும் வீட்டுல ஒருத்தி இருக்கா."

கண்ணாடிக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கோபம் வருமா என்று காத்துப் பார்த்தார். வரவில்லை. வேறு ஏதோ வந்து கண்ணை மறைத்தது. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டார்.

"இங்க பாருய்யா. நான் கேட்டேன்னு அம்மாவுக்குத் தெரியக் கூடாது. மூச்சு விடாதே."

"நான் எதுக்கு சார் சொல்லப் போறேன்?"

உப்பையும் எடுக்கவில்லை, முட்டையையும் தொடவில்லை. பலகைகளைப் பழையபடி குறுக்கே வைத்தார். முகம் கழுவினார். தலை வாரினார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதன்முறையாக, அவருக்கு ஒன்று தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த நினைப்பே நெஞ்சுக்குள் சர்க்கரையாக இனித்தது. நாற்காலியில் ராஜா மாதிரி காலை நீட்டிக் காத்திருந்தார்.

மனைவி வந்தாள். காலிப் பையை ஆணியில் மாட்டினாள்.

"சமையலறையை எட்டிப் பார்த்தேன்" என்றார், முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு. "இன்னும் ஈரம் போகல. இந்தக் கொத்தனார் என்ன பூசினானோ! இன்னும் ஒரு மாசமாவது ஆகும் போல."

"அய்யோ, அவ்வளவு நாளா?"

"என்ன பண்றது? தரையோட இஷ்டம். நீ கவலைப்படாதே. நான் இருக்கேன்ல, தினமும் கூட்டிட்டுப் போறேன்."

மனைவி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, அவர் செருப்பை எடுத்து அவர் காலருகில் வைத்தாள்.

"கிளம்புங்க" என்றாள். "கொத்தனார் போன் பண்ணிட்டாரு."